ஃபுட்வால்வு ரப்பரும் மூன்றாவது கொண்டை ஊசி வளைவும்

என் கைக்கு வராத வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கும் எவனுக்கும் உள்ள வியாதிதான். வெளிநாட்டுச் சாமான் எதைக் காட்டினாலும், இதை நாமே லேத்தில் கடைந்துவிட்டால் என்ன என்றுதான் முதலில் தோன்றும். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த வியாதி என் தங்கையைக் கொல்லப் பார்த்தது.

தங்கை வீட்டுக்காரருக்கு வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை. மலை ஏறத் திணறுகிறது என்று தன் பழைய வெள்ளைக் காருக்கு, ஜப்பானிலிருந்து கழற்றி வந்த இன்ஜின் ஒன்றை வாங்கி என்னிடம் மாட்டக் கொடுத்தார். அதில் கார்பரேட்டர் கிடையாது, பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் இன்ஜெக்டர். மாட்டி முடித்த பிறகுதான் பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் செத்துப்போயிருந்தது தெரிந்தது.

இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று இன்ஜினோடு வந்த கம்ப்யூட்டர் சொல்லும். அந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் விழும் என்பது பின்னாலிருந்து தள்ளும் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் குறைந்தால் இன்ஜின் பட்டினியில் காய்ந்து பிஸ்டன் உருகிவிடும், கூடினால் கரும்புகை. ரெகுலேட்டருக்குள் ஒரு ஸ்பிரிங்கும் அதற்கடியில் டயஃப்ரம் என்கிற ரப்பர் வட்டும் இருக்கும். தேவைக்கு மேல் வரும் பெட்ரோலை இரண்டும் சேர்ந்து டேங்குக்கே திருப்பி அனுப்பும். தலையில் திருகு வைத்த ரகமாக இருந்தால் அழுத்தத்தை நாமே ஏற்றலாம், இறக்கலாம். எந்த அளவு என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் வந்த இன்ஜினுக்கு அந்த ரகம்தான் சரி.

ரேஸ் ஓட்டும் நண்பர் ஒருவர் தன் வண்டியிலிருந்து அப்படி ஒன்றைக் கழற்றி ஒரு நாள் இரவல் கொடுத்தார். "பாத்துப்போட்டு மெட்ராஸ்ல சொல்லி இதே மாதிரி வாங்கிக்குங்க" என்றார். நான் அளவெடுக்க வெர்னியரை எடுத்துவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் அலுமினியத்தில் அச்சு அசலாக ஒன்று கடைந்தாயிற்று. டயஃப்ரத்துக்கு ரப்பர் தேட வேண்டியதே இல்லை. பக்கத்துப் பட்டறையில் கிணற்று மோட்டார்களுக்கு, குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் பிடிக்கும் ஃபுட்வால்வு செய்கிறார்கள், கேட்டால் ஒரு துண்டு கிழித்துக் கொடுப்பார்கள். கறுப்பு ரப்பர் எல்லாம் ஒன்றுதானே என்று வட்டமாக வெட்டி உள்ளே வைத்தேன்.

மறுநாள் மதியம் மாட்டி, அழுத்தம் காட்டும் கேஜை வைத்துப் பார்த்தேன். ரெகுலேட்டரின் தலைக்கு இன்ஜின் மூச்சிழுக்கும் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் வரும். அதைப் பிடுங்கிவிட்டு, திருகை நாற்பத்து மூன்று பவுண்டுக்கு வைத்தேன். ஹோஸை மாட்டினால் முப்பத்தைந்துக்கு இறங்கியது. ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கக் கொடுக்க ஏறியது. இன்ஜெக்டர்களைப் பற்றி நான் வாங்கிப் படித்த பொதுவான புத்தகத்தில் போட்டிருந்த மாதிரியே. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு அவரும் தங்கையும் ஏழு மாதக் கைக்குழந்தையும் அந்தக் காரில் வால்பாறைக்குக் கிளம்பினார்கள். நான் பட்டறைக்குப் போய்ச் சாமான் கழுவும் பெட்ரோல் தட்டைச் சுத்தம் செய்ய எடுத்தேன். அடியில் ஏதோ கொழகொழவென்று விரலில் பட்டது. டயஃப்ரம் வெட்டிய மிச்சத் துண்டு எப்படியோ அதில் விழுந்திருக்கிறது. இரவெல்லாம் ஊறி, கொண்டைக்கடலை மாதிரி இரண்டு மடங்கு உப்பியிருந்தது. லேசாக இழுத்தேன், பிய்ந்து வந்தது.

தண்ணீருக்குச் செய்த ரப்பர். அதைச் சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில் பெட்ரோலை அடக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். பொள்ளாச்சியில் மாப்பிள்ளையின் அக்கா வீட்டில் காலை டிபன் சாப்பிடுவதாகப் பேச்சு. ரிங் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அந்த அம்மா எடுத்து, "இப்பத்தானுங்க கெளம்புனாங்க, அஞ்சு நிமிசங்கூட ஆகலீங்க" என்றார். போனை வைத்தேனா, தொங்கவிட்டேனா, நினைவில்லை.

பைக்கில் எப்படிப் போனாலும் அவர்களைப் பிடிக்க முடியாது என்று தெரியும். போனேன். பொள்ளாச்சி தாண்டியதும் எதிரே வரும் ஒவ்வொரு பஸ் டிரைவரின் முகத்தையும் பார்த்தேன், மேலே ஏதாவது நடந்திருந்தால் முகத்தில் தெரியாதா என்று. வெள்ளையாக எது நின்றாலும் பிரேக் அடித்துப் பார்த்தேன். ஆழியாறு செக்போஸ்டில் கேட்டேன். "வெள்ளக் காருங்களா? பொகையடிச்சுக்கிட்டு ஒண்ணு மேல போச்சுங்க" என்றார் அங்கிருந்தவர். புகை என்றால் டயஃப்ரம் கிழிந்து ஹோஸ் வழியாகப் பெட்ரோல் இன்ஜினுக்குள் போகிறது. விளிம்பிலும் கசிந்தால் தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் கார் நின்றது, பானெட் திறந்து. இருபதடி தள்ளி, கட்டைச் சுவரில் தங்கை குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பைக்கை அப்படியே சாய்த்துவிட்டு நான் ஓடியபோது மாப்பிள்ளை மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சாவியில் கை வைத்துக்கொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் குழந்தை அழ ஆரம்பித்தது.

"ஒண்ணுமில்லீங் மச்சான், லேசாப் பெட்ரோல் வாசம், அவ்வளவுதான்" என்றார் அவர். "உங்கண்ணன் செஞ்சது, அது எப்படிக் கெடும்னு இவகிட்ட எத்தனையோ தடவ சொன்னனுங்க. நிறுத்தாட்டிக் குதிச்சுருவேன்னுட்டா, ஒரு மணி நேரமா இங்கயேதான் நிக்கறோமுங்க."

தங்கை எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "நீங்க செஞ்சதுன்னுதானுங்ணா நிறுத்தச் சொன்னேன்."

அவளையும் குழந்தையையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, காரைக் கட்டி இழுத்துக் கீழே கொண்டுவந்தோம். ரெகுலேட்டரைப் பிரித்தேன். உள்ளே இருந்ததைச் சொல்லப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மெட்ராஸிலிருந்து சரியானது வந்தது. வாங்குமுன் போனில் கடைக்காரரைச் சலிக்கச் சலிக்கக் கேட்டேன். கார்பரேட்டருக்கா, இன்ஜெக்டருக்கா? பம்பு அனுப்புவது முழுவதையும் திருப்பிவிட வழி அகலம் போதுமா? தலையில் ஹோஸ் மாட்ட இடம் உண்டா? டயஃப்ரம் பெட்ரோலுக்கென்றே செய்ததா? கடைசிக் கேள்வியை மூன்று தடவை கேட்டேன். மாட்டிய பிறகு ஐந்து நாள் பட்டறையைச் சுற்றியே ஓட்டினேன், தினமும் விளிம்பைத் துணியால் துடைத்து மோந்து பார்த்தேன்.

மாப்பிள்ளை வண்டி எடுக்க வந்த அன்று தங்கையும் வந்திருந்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறாமல் நின்றாள்.

"நீங்க மொதல்ல ஏறுங்ணா" என்றாள்.

முன் சீட்டில் ஏறினேன். குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். நாற்பது வளைவும் முடியும்வரை கண்ணாடியை இறக்கிவைத்து மோந்துகொண்டே போனேன். குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி தூங்கிவிட்டது.