ஆகாயத்தாமரைக்கு அடியில் விரால்: விருத்தாசலத்தில் இரண்டு நாள்

பொங்கல் முடிந்த வாரம் என் சித்தி மகள் மங்கை விருத்தாசலத்திலிருந்து போன் செய்தாள். அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். விரால் குழம்பு சாப்பிட்டால் புண் சீக்கிரம் ஆறும் என்று யாரோ சொன்னார்களாம். "மார்க்கெட்ல வாங்கிக்கிறதுதானே?" என்றேன்.

"மீனு ஒரு சாக்குதான்ணே. நீ வந்து இவரக் கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போ. வேல வுட்டா வூடு, வூடு வுட்டா வேல. பேச்சே இல்ல" என்றாள்.

"இவர்" என்பது அவள் கணவர் குமரேசன். கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலமும் வீடும் போன பிறகு, ஒன்றரை வருடமாக விருத்தாசலத்தில் வாடகை வீடு. பீங்கான் பொம்மைப் பட்டறையில் சூளை வேலை. மங்கை அதே பட்டறையில் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிறாள். நான் சென்னையில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். லீவு கிடைத்தால் தூண்டிலோடு ஏதாவது ஒரு ஏரிக்கரையில் இருப்பேன். அது தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறாள்.

ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. தாம்பரத்தில் திருச்சி பஸ் பிடித்து வேப்பூரில் இறங்கினேன். அங்கிருந்து விருத்தாசலம் இருபது கிலோமீட்டர் சொச்சம், டவுன் பஸ் இருபது ரூபாய். வேப்பூர் மேம்பாலத்துக்குக் கீழே பரோட்டாக் கடைகள் நிறைய உண்டு. லாரிகள் வரிசையாக நிற்கும் கடையில் சாப்பிடுங்கள், சூடாக இருக்கும். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து மங்கை வீட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். என் தூண்டில் பையைப் பார்த்த டிரைவர், "மணிமுத்தாத்துக்கா சார்? மீனு இருக்குது. ஆனா முன்ன மாதிரி ஓரத்துல நிக்காதுங்க" என்றார். (இது ஊரை ஒட்டி ஓடும் ஆறு; நெல்லைப் பக்கத்து மணிமுத்தாறு வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மறுநாள் விடிந்ததும் குமரேசனின் டிவிஎஸ்ஸில் கிளம்பினோம். ஊரைத் தாண்டி நான்கு கிலோமீட்டர் மேற்கே, கரையோரம் கருவேலங்காடு. ஆறு என்று நான் நினைத்து வந்தது ஒன்று, கண்ணெதிரே இருந்தது வேறு. நடுவே முழங்கால் அளவுக்கு ஒரு சின்ன ஓட்டம். அதன் இரண்டு பக்கமும் மணல் அள்ளிய பள்ளங்கள், தண்ணீர் நிரம்பிக் குட்டை குட்டையாகக் கிடந்தன. மேலே ஆகாயத்தாமரை பச்சைப் பாயாக மூடியிருந்தது. வழக்கமாக விரால் ஒதுங்குகிற கோரைப்புல் ஓரமே இல்லை.

குமரேசன் கிராமத்து ஏரியில் மீன் பிடித்தவர். இந்த ஆற்றில் தூண்டில் போட்டதே இல்லை. நானும்தான். அவர் பட்டறையில் உடைந்த பீங்கான் துண்டைக் கனத்துக்காகத் தூண்டில் நரம்பில் கட்டி, மண்புழு கோத்து, கரையோரமாக இறக்கினார். ஜிலேபி மீன்கள் புழுவைக் கொத்திக் கொத்திக் காலி செய்தன. நான் வீசிய முள் தாமரைத் தண்டில் மாட்டி இரண்டு முறை அறுந்தது. மூன்று மணி நேரத்தில் எங்கள் கையில் இருந்தது உள்ளங்கை அளவு ஜிலேபி நான்கு. குமரேசன் மொத்தமாகப் பேசியது ஐந்தாறு வார்த்தை இருக்கும்.

வெயில் ஏறிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. தாமரைக் கூட்டத்தின் நடுவில் சின்ன இடைவெளி ஒன்றில் "ப்ளக்" என்று சத்தம். குமரேசன் நிமிர்ந்தார். "மூச்சு வுட வருது மச்சான். ஓரத்துல இல்ல, தாமரைக்கு அடியில நிக்குது."

விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகிற மீன். தை மாதக் குளிரில் காலையில் அடியில் கிடந்துவிட்டு, தண்ணீர் சூடானதும் மேலே வருகிறது. நேரம், இடம், இரை மூன்றையுமே நாங்கள் தப்பாக வைத்திருந்தோம். பையிலிருந்து ரப்பர் தவளையை எடுத்தேன். அதன் முள் முதுகோடு ஒட்டி மடங்கியிருப்பதால் தாமரையில் மாட்டாது. அதைப் பார்த்ததும் குமரேசன் சிரித்தார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

"இத எந்த மீனு தின்னும்?"

"நீங்களே வீசிப் பாருங்க மாப்ள" என்று தூண்டில் கம்பை அவர் கையில் கொடுத்தேன்.

முதல் சில வீச்சுகள் மரத்தில் போய் மாட்டின. பிறகு கை படிந்தது. தவளை இலைகளின் மேல் தத்தித் தத்தி வந்து, அந்த இடைவெளியில் விழுந்தது. தண்ணீர் வெடித்தது போல ஒரு அடி! கம்பு வில்லாக வளைய, மீன் நேராகத் தாமரை வேருக்குள் பாய்ந்து சிக்கிக்கொண்டது. இழுத்தால் நரம்பு அறும். குமரேசன் கம்பை என்னிடம் திணித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் காலை வைத்தார்.

"எறங்காதீங்க! எறங்காதீங்க!"

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கத்திக்கொண்டே ஓடி வந்தார். நான் குமரேசனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஒரு அடிதான் தரை. அடுத்தது ரெண்டாள் பள்ளம். போன மாசம் என் சென ஆடு பச்சையப் பாத்து எறங்கி அப்படியே போயிடுச்சு" என்றார் மூச்சு வாங்க. குமரேசன் பின்வாங்கி உட்கார்ந்துவிட்டார்.

அந்த அம்மாவே தழை அறுக்கும் தொரட்டிக் கோலை நீட்டினார். அதன் வளைந்த அரிவாளைத் தாமரைக் கூட்டத்தில் மாட்டி, மூவரும் சேர்ந்து மெல்ல மெல்ல இழுத்தோம். பச்சைப் பாய் அப்படியே கரைக்கு வந்தது. வேர்களுக்குள் கறுத்து மின்னியபடி விரால், ஒன்றேகால் கிலோ இருக்கும்.

குமரேசன் மீனைக் கவனிக்கவில்லை. "செத்த ஆடு எத்தனாவது ஈத்தும்மா?" என்று கேட்டார். அந்த அம்மா சொன்னார். அதன்பின் குமரேசன் பேச ஆரம்பித்தார். ஊரை விட்டு வரும்போது கொட்டகையோடு பதினோரு ஆட்டை விற்றது, வாங்கியவன் வண்டியில் ஏற்றும்போது தான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது, இந்த ஊரில் ஒரு ஆடு கட்டக்கூட இடமில்லாதது. அந்த அம்மா எதிரே குந்தி உட்கார்ந்து, "ம்… பொறவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எழுந்து போய்க் கொஞ்ச தூரத்தில் மீனைச் சுத்தம் செய்தேன்.

மதியம் மங்கை வீட்டில் குழம்பு கொதித்தது. குமரேசன் அடுப்படியில் நின்று, தவளை தத்தியது முதல் தொரட்டி வரை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மங்கை என்னைப் பார்க்கவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: தை, மாசியில் போங்கள். அதிகாலை வேண்டாம், வெயில் ஏறட்டும். முள் மடங்கிய ரப்பர் தவளையும் தடித்த நரம்பும் போதும். தவளையைக் கவ்வியதும் உடனே இழுக்காமல் ஒரு மூச்சு பொறுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே வந்தால் அங்கே வீசாதீர்கள். தாய் பக்கத்தில் காவலுக்கு நிற்கும். மீன் குத்தகை ஏதும் இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரில் இறங்காதீர்கள். இந்த ஆற்றின் தரை நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. தெரிந்த ஆறு என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது, ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ரப்பர் தவளையைக் குமரேசனிடமே விட்டுவிட்டு வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவரே போன் செய்தார். பின்னால் ஆடுகள் கத்தும் சத்தம்.

"தண்ணி எறங்கிடுச்சு மச்சான். அந்தப் பள்ளத்துல இப்ப ஒண்ணும் இல்ல. பாலத்துக்குக் கீழ எங்கியோ அந்த ப்ளக் சத்தம் கேக்குதாம், ஆட்டுக்காரம்மா சொன்னாங்க. போயி பாத்துட்டு வரேன்."

பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.