பாக்கியம் டீச்சரின் சத்தமான வகுப்பு

ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். மஸ்கெலியா பஸ்ஸின் கண்டக்டர் என்னைக் கண்டதும் இறங்கி வந்தான். எங்கள் கல்லூரியில் படித்தவன்.

“சேர், பாக்கியம் டீச்சர் போயிட்டாங்க.”

“இந்தியாவுக்கா?” என்று கேட்டேன்.

தோட்டத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து மலைநாட்டில் ஒருவர் போய்விட்டார் என்றால் எங்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். அவன் தலையை ஆட்டினான்.

“இல்லைங்க சேர். செத்துப் போயிட்டாங்க. நெஞ்சுச் சளியாம். அண்ணன் வீட்டு லயத்துலதான். இன்னைக்குச் சாயந்தரம் எடுக்கிறாங்க.”

அதே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழி நெடுக எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அது ஆறியபின் எழுதலாம் என்று சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. ஆகவே, கல்லூரியின் பழைய மாணவர்களே, உங்களுக்கு இப்படியே எழுதுகிறேன்.

இதை எழுதவைத்தவர் எங்கள் கல்லூரியின் பழைய அதிபர். அடக்கத்துக்கு அடுத்த வாரம் கல்லூரி மண்டபத்தில் நடந்த இரங்கற் கூட்டத்துக்கு ஓய்வுபெற்ற அவரையே தலைமை தாங்க அழைத்திருந்தார்கள். படத்துக்கு மாலை போட்டுவிட்டு அவர் சொன்னார்: “ஞானபாக்கியம் டீச்சர் அமைதியே உருவானவர். கொடுத்த வேலையை ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்தவர்.” கூட்டம் தலையசைத்தது. அவரிடம் படித்த உங்களில் பலரும் அங்கே இருந்தீர்கள். உங்கள் முகங்களைப் பார்த்தேன். நீங்கள் தலையசைக்கவில்லை. ஆனால் எழுந்து ஒரு சொல் சொல்லவும் இல்லை. ஏன் என்று கேட்காத ஒரு பாக்கியம் டீச்சரை நான் பார்த்ததே கிடையாது.

நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். நாடு சுதந்திரம் பெற்றதற்கு அடுத்த ஆண்டு அது. நான் தமிழ், அவர் விஞ்ஞானம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரிய கலாசாலைப் பயிற்சி முடித்து வந்தவர். பட்டம் இல்லை. அந்த இல்லாமையை ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் அடிக்கடி அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருந்தார். அவருடைய வகுப்புக்கும் என்னுடையதற்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். ஆகவே அங்கே நடந்ததில் பாதியை நான் காதால் படித்தவன்.

அந்தக் காலத்தில் எங்கள் கல்லூரியில் பாடம் என்றால் ஆசிரியர் குறிப்புச் சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள். கரும்பலகையை நிறைப்பவர் கெட்டிக்காரர். வகுப்பு எவ்வளவு ஊமையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆசிரியர் திறமைசாலி. நகரத்துக் கடைக்காரர்களின் பிள்ளைகளும் உத்தியோகத்தர்களின் பிள்ளைகளும் முன்வரிசையில் இருப்பார்கள். தோட்டங்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளுக்குக் கடைசி பெஞ்சு. அப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் அப்படித்தான் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து யாராவது வாயைத் திறந்தால் முன்வரிசை சிரிக்கும், அவர்களுடைய பேச்சைக் கேட்டு. ஒருமுறை சிரிப்பை வாங்கிய பிள்ளை பிறகு ஆண்டுக்கணக்கில் பேசாது.

பாக்கியம் டீச்சர் முதல் தவணையிலேயே பெஞ்சுகளைக் கலைத்தார். முன்னே ஒருவர், பின்னே ஒருவர் என்று எடுத்துச் சோடி சேர்த்தார். கேள்வியை வகுப்புக்குப் போடுவார். பிள்ளைகள் முதலில் பக்கத்தில் இருப்பவருக்கு விடையைச் சொல்ல வேண்டும். பிறகு ஒருவர் எழுந்து தன்னுடையதைச் சொல்லக் கூடாது, தன் சோடி சொன்னதைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் மகன் எழுந்து தோட்டத்துப் பெண் சொன்னதைச் சொல்லும்போது யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? சிரிப்பு ஒரு மாதத்தில் நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாகச் சத்தம் வந்தது. பலகைத் தடுப்பைத் தாண்டி என் வகுப்பில் இலக்கணம் கேட்காத அளவுக்குச் சத்தம்.

“டீச்சர், உங்க வகுப்புல பாடம் நடக்குதா, சந்தை நடக்குதா?” என்று ஒருநாள் கேட்டேன். எரிச்சலோடுதான் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “நான் சொல்லி அவங்க எழுதினா எனக்குப் பாடம் தெரியும்னுதான் அர்த்தம் மாஸ்டர். அவங்களுக்குத் தெரியுதான்னு அவங்க பேசாம நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றார்.

 மறுவாரம் நானும் சோடி சேர்த்துப் பார்த்தேன். என் வகுப்பும் சந்தையாயிற்று.

மணியடிக்கும் முன் அவர் ஒரு கேள்வி கேட்பார். “இன்னைக்கு என்ன புரியலை?” எல்லாம் புரிந்தது என்று யாரும் தப்பிக்க முடியாது. ஆளுக்கொன்று சொல்லியே ஆக வேண்டும். அடுத்த நாள் பாடம் அந்தப் புரியாததிலிருந்துதான் தொடங்கும். அப்படி ஒருநாள் மாரியாயி என்ற பெண் எழுந்து சொன்னதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பமாயிற்று. ஹட்டனை ஒட்டிய ஒரு தோட்டத்துத் தொழிலாளியின் மகள் அவள். நீர் இருநூற்றுப் பன்னிரண்டு பாரன்ஹைட் பாகையில் கொதிக்கும் என்று அன்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தார்கள்.

“டீச்சர், எங்க லயத்துல பருப்பு வேகவே மாட்டேங்குது. கினிகத்தேனைல அக்கா வீட்டுல சட்டுனு வெந்துருது. அதே தண்ணி, அதே பருப்பு. அது ஏன்னு புரியலீங்க.”

விடையைச் சொல்லிவிட ஒரு நிமிடம் போதும். டீச்சர் சொல்லவில்லை. “எனக்கும் அதைப் பார்க்கணும் போல இருக்கு. எப்படிப் பார்க்கலாம்?” என்று வகுப்பையே கேட்டார். வெப்பமானியை வைத்துத் தண்ணீர் கொதிக்கவைத்தார்கள். இருநூற்று நாலுக்கு மேல் ஏறவில்லை. வெப்பமானி பழுது என்றான் ஒருவன். புத்தகம் பிழை என்றாள் ஒருத்தி. விடுமுறை நாளொன்றில் டீச்சர் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு, மலைக்குக் கீழே உள்ள கினிகத்தேனைக்குப் பஸ்ஸில் போனார். மாரியாயியின் அக்கா வீட்டு அடுப்பில் அதே வெப்பமானி இன்னும் மேலே ஏறியது. பிறகு ரயிலேறி, ஹட்டனைவிட உயரத்தில் உள்ள நானுஓயாவுக்குப் போனார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் திகைத்து நிற்க, அவருடைய கேத்தலில் வெப்பமானியை விட்டார்கள். ஹட்டனில் ஏறிய அளவுக்குக்கூட அங்கே ஏறவில்லை. மலை ஏற ஏறச் சூடு குறைந்தது. ஏன் குறைகிறது என்று அந்த வகுப்பு ஒரு வாரம் சண்டை போட்டது. காற்றின் அழுத்தம் வரைக்கும் அவர்களே வந்து சேர்ந்தார்கள். இரைந்து இரைந்து வந்து சேர்ந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் பேனாவை வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தவணையில்தான் வித்தியாதரிசி கல்லூரியைப் பார்வையிட வந்தார். அதிபரும் உடன் வர, டீச்சரின் வகுப்புக்குள் நுழைந்தார். மாரியாயியைப் பார்த்துக் கைகாட்டினார்.

“நீர் எத்தனை பாகையில் கொதிக்கும்?”

மாரியாயி எழுந்து நின்றாள். “எந்த ஊர்லங்க ஐயா?”

அந்தக் கேள்வியில் எள்ளளவும் துடுக்கு இல்லை. அந்த வகுப்பில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் திருப்பிக் கேட்டிருப்பார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் அவளுக்கு உதவியாக “ஹட்டன்லயா, நானுஓயாவுலயா சேர்?” என்றும் கேட்டார்கள். வித்தியாதரிசியின் முகம் சிவந்துவிட்டது. “என்னையே சோதிக்கிறாயா?” என்றார். டீச்சர் முன்னே வந்து விளக்கப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. வெளியே போகும்போது அதிபரிடம் எல்லாரும் கேட்கச் சொன்னார்: “புத்தகத்தைச் சந்தேகிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களா இங்கே?”

அன்று பிற்பகல் டீச்சரை அதிபர் அறைக்கு அழைத்தார்கள். துணைக்கு நானும் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதிபர் சுற்றி வளைக்கவில்லை. “அந்தப் பெண் நாளைக் காலையில் அசெம்பிளியில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கட்டும். விஷயத்தை இத்தோடு முடித்துக்கொள்ளலாம்.”

“அவ கேட்டது கேள்விங்க” என்றார் டீச்சர். “கேள்விக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னா, இனி அந்த வகுப்புல ஒரு பிள்ளையும் வாயைத் திறக்காதுங்க.”

“திறக்காவிட்டால் நல்லது. இது கல்லூரி.”

“அப்படின்னா நான் எதுக்குங்க? புத்தகம் போதுமே.”

நான் குறுக்கிட்டு, அந்தப் பெண் சொன்னது விஞ்ஞானப்படி சரி என்றேன். அதிபர் என் பக்கம் திரும்பவே இல்லை. “டீச்சர், உங்களுக்குப் பட்டமும் இல்லை, இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. இருக்கிற இடத்துக்கு நன்றியோடு இருக்கப் பாருங்கள்” என்றார்.

அந்த இரண்டாவது சொல்தான் அவரைத் தைத்தது. அவர் பிறந்தது மஸ்கெலியாவில். ஆனால் அவருடைய தகப்பனாரும் இந்த நாட்டில்தான் பிறந்தார் என்று நிரூபிக்க வழியில்லை. பிரஜாவுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அந்த ஊமைக் காயத்தைத் தொட்டுப் பேசிய மனிதர்தான் இரங்கற் கூட்டத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டார்.

டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை. மாரியாயி மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அடுத்த வாரமே பெரிய வகுப்பை அவரிடமிருந்து எடுத்து ஒரு பட்டதாரிக்குக் கொடுத்தார்கள். டீச்சருக்குப் பாலர் வகுப்பு. பட்டதாரி நல்ல மனிதர். மணி தவறாமல் வருவார், தெளிவாகக் குறிப்புச் சொல்வார். தடுப்புக்கு அந்தப் பக்கம் அமைதி வந்தது. பரீட்சையில் அந்த வகுப்பு நன்றாகச் செய்தது. பரிசளிப்பு விழாவில் பட்டதாரிக்கு மாலை போட்டார்கள். டீச்சர் பாலர் வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கைதட்டினார். உண்மையான மகிழ்ச்சியோடு தட்டினார். நான் கைதட்டவில்லை.

மாரியாயி அந்தப் பரீட்சையை எழுதவில்லை. கல்லூரியில் மகளுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது என்ற செய்தி தோட்டம் வரைக்கும் போய், தோட்டத்தை நடத்தும் துரையின் காதிலும் விழுந்துவிடுமோ என்று அவளுடைய அப்பா பயந்துவிட்டார். அவள் பெயரைத் தோட்டத்தில் பதிந்து தேயிலைக் கொழுந்து பறிக்க அனுப்பினார். டீச்சர் அவர்கள் லயத்துக்குப் பலமுறை நடந்து போய்க் கெஞ்சினார். “பேசக் கத்துக் குடுத்தீங்க டீச்சர், அதுதாங்க வெனையாப் போச்சு” என்று அந்த அப்பா சொன்னாராம். அதை என்னிடம் சொன்னபோது டீச்சர் அழுதார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

பாலர் வகுப்பிலும் அவர் சும்மா இருக்கவில்லை என்பதை உங்களில் சிறியவர்கள் அறிவீர்கள். பிறகு பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பேற்றது. பிரஜாவுரிமை இல்லாதவர்களுக்கு நிரந்தர நியமனம் கிடையாது என்றார்கள். பத்தாண்டுக்கு மேல் படிப்பித்தவருக்குப் பிரிவுபசாரம்கூட நடக்கவில்லை. டீச்சர் மஸ்கெலியாவுக்குப் போய் அண்ணன் குடும்பத்தோடு லயத்தின் ஒரே காம்பரா அறையில் இருந்தார். வேலை முடிந்து வரும் பெண்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் மாலையில் சொல்லிக்கொடுத்தார். போன தடவை நான் பார்க்கப் போனபோது, ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகச் சம்மதித்து எழுதிக்கொடுக்கச் சொல்லி அண்ணன் வற்புறுத்துவதாகச் சொன்னார்.

“எனக்கு அங்க யாரைத் தெரியும் மாஸ்டர்? நான் பார்க்காத ஊரு அது. இங்க பிறந்தவ இல்லைன்னு இவங்க சொல்றாங்க, நம்ம ஆளுன்னு அவங்க சொல்லலை. நடுக்கடல்லயா போய் நிக்கிறது?”

எந்தப் பக்கமும் எழுதிக்கொடுக்காமலே அவர் போய்விட்டார்.

அடக்கத்துக்குக் கல்லூரியிலிருந்து வந்தது நான் ஒருவன்தான். தோட்டத்துச் சனம் நிறைய வந்திருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. போதகர் செபம் சொல்லி முடித்து எல்லாரும் கலையும்போது ஒரு பெண் கைக்குழந்தையோடு என் அருகே வந்து நின்றாள். மாரியாயி என்று அவளே சொன்ன பிறகுதான் தெரிந்தது. செய்தி கேட்டு அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

“சேர், ஒண்ணு கேக்கணும். டீச்சர்கிட்டக் கேக்க வாய் வரல. அன்னைக்கு நான் என்னங்க தப்பாக் கேட்டுட்டேன்? இன்னும் எனக்குத் தெரியலீங்க.”

“நீ தப்பாக் கேக்கல” என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. குழந்தையின் தலையில் துணியை இழுத்து மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதிபர் அவர்களே, இரங்கற் கூட்டத்தில் நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். நீங்கள் சொல்லாததால் நான் சொல்லிவிட்டேன்.

டீச்சரின் படம் என்னிடம் இல்லை. அவர் கையெழுத்திட்ட ஒரு காகிதம்கூட இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். கேள்வியைக் கேட்டபின் அவர் காத்திருப்பார். விடை வரவில்லையே என்று தானே சொல்லிவிட மாட்டார், கெட்டிக்காரப் பிள்ளையைத் தேடவும் மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு, எல்லாரையும் பார்த்தபடி, எவ்வளவு நேரமானாலும் நிற்பார். ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தெரியும், வகுப்பின் முன்னால் அப்படி வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கடினம் என்று.

இப்போது நானும் நிற்கிறேன். போன வாரம் அப்படி நின்றுகொண்டிருந்தபோது, வராந்தாவில் போன இன்றைய அதிபர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“என்ன மாஸ்டர், பாடம் நடக்கலையா?”

“நடந்துக்கிட்டிருக்குங்க” என்றேன், பிள்ளைகளிடமிருந்து கண்ணை எடுக்காமல்.