மாமாவின் காரும் மெஷின் எண்ணெயும்

பிரேக் பேட்டின் உராயும் முகத்தில் எண்ணெய் படக் கூடாது. கிறீஸ் பூசுவதானால் இரும்புத் தகடு உள்ள பின்பக்கத்தில் மட்டும், அதுவும் விரல் நுனியில் எடுக்கும் அளவு. எந்த நாட்டுக் காரின் கைநூலிலும் இந்த விதி இருக்கிறது. விதிவிலக்கு ஒன்றும் கொடுக்கப்படவில்லை. பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

அப்போது நாங்கள் கல்முனையில், கடற்கரையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிய ஒரு வளவில் குடியிருந்தோம். கடலோரத்தில் உம்மாவுக்குச் சீதனமாக மாமா கட்டிக் கொடுத்த வீடு சுனாமியோடு போயிருந்தது. மாமா என்றால் உம்மாவின் தம்பி. அவருடைய வீட்டையும் மாமியையும் என் வயதில் இருந்த மகளையும் அதே காலையில் அதே கடல் கொண்டுபோனது. காரை மட்டும் திருப்பித் தந்தது. யாரோ ஒருவரின் கிணற்றுக் கட்டில் சாய்ந்து, கூரை மட்டும் வெளியே தெரிய, மண்ணில் புதைந்து கிடந்ததாம். மாமா பஸ் டிப்போவில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் காரோடு மல்லுக்கட்டி அதை ஓட வைத்தார். எங்கள் வளவிலேயே தகரக் கொட்டில் ஒன்றைப் போட்டு அதில் இருந்துகொண்டு வாடகைக்கு ஹயர் ஓடினார்.

கார் நன்றாக ஓடியது. நிற்கும்போதுதான் கத்தியது. உப்புத் தின்ற பிரேக் அப்படித்தான் கத்தும் என்றார் மாமா. அவர் வருவது ஒழுங்கை முழுவதற்கும் தெரியும்.

வாப்பாவுக்கு இது நல்ல வாய்ப்பாகப் போயிற்று. வாப்பா அரசாங்கக் கந்தோரில் கோப்பும் கடிதமுமாக இருந்து ஓய்வுபெற்ற பிரதம லிகிதர். மச்சான் கட்டிய வீட்டில் பதினெட்டு வருடம் மாப்பிள்ளையாக இருந்தவர். அந்த உபகாரத்தைத் தாங்கிக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி கேலி.

"என்ன மச்சான், அறுக்கிற ஆடு மாதிரிக் கத்துது? நாளைக்கு மாப்பிள்ளைய ஏத்தப் போறீங்களா, குர்பான் குடுக்கப் போறீங்களா?"

அடுத்த நாள் காலையில் ஒரு மாப்பிள்ளையை ஏற்றி அக்கரைப்பற்றுக்குப் போகும் ஹயர் இருந்தது. முன் ஆசனத்தில் ஓரத்தில் எனக்கும் இடம் உண்டு என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். உம்மா அதற்காக மெஷினில் எனக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"புது பேட் வந்திரிக்கி மச்சான். இண்டைக்கு மாத்திருவன்," என்றார் மாமா.

மாற்றினார். பின் சில்லுகளுக்குக் கல் அணை வைத்தார். சில்லுகள் நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கினார். அதன் பிறகுதான் ஜக் அடித்துக் காரின் முன்பக்கத்தைத் தூக்கினார். பேட்டுகளைப் பிடித்திருக்கும் கலிப்பரைக் கழற்றி, அதன் ரப்பர் குழாயில் தொங்க விடாமல் கம்பியால் கட்டித் தூக்கி வைத்தார். துரு, தூசு எல்லாவற்றையும் கம்பிப் பிரஷால் தேய்த்தார். புதுப் பேட்டுகளின் ஓரங்களை அரத்தால் கொஞ்சம் சரித்துவிட்டார். கூர்மையான ஓரம்தான் முதலில் கத்துமாம். பிறகு ஒரு சிறு டப்பாவிலிருந்து கிறீஸை எடுத்துப் பூசினார். எந்தப் பக்கம் பூசுகிறார் என்பதை நான் பார்க்கவில்லை. பூசினார் என்பதைப் பார்த்தேன்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் என்னை ஓட்டுநர் ஆசனத்தில் ஏற்றினார்.

"மிதி மகள். இன்னும் மிதி. கல்லு மாதிரி வந்தாச் செல்லு."

பிரேக் முதலில் பஞ்சு போலத் தரை வரைக்கும் இறங்கியது. ஏழெட்டு மிதியில் கல்லாயிற்று. "வந்துட்டு மாமா!" என்று கத்தினேன். அன்றைய வேலையில் பாதி நான் செய்ததாகவே எண்ணிக்கொண்டேன்.

ஒழுங்கையில் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தார். பழைய அலறல் போயிருந்தது. ஆனால் மெல்லிய ஒரு கீச்சு மிச்சம் இருந்தது.

"புதுசு. தேஞ்சு பழகணும். நாலு நாள் கத்தும், மறுகா அடங்கிரும்," என்றார் மாமா.

"அப்ப மாப்பிள்ளை ஊட்டுக்கு ஆள் அனுப்பி, கலியாணத்த நாலு நாள் தள்ளச் செல்லுவமா?" என்றார் வாப்பா.

மாமா சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவினார். முழங்கை வரை கழுவினார். பிறகும் கழுவிக்கொண்டே இருந்தார். அந்தக் கீச்சை நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

என் வாதம் பிழையில்லாததாக இருந்தது. உம்மாவின் மெஷின் கத்தினால் எண்ணெய் விடுவார், அடங்கிவிடும். படலைக் கீல் கத்தினாலும் அப்படித்தான். மாமாவும் ஏதோ பூசினார். சத்தம் பாதி குறைந்தது. ஆகவே மாமா பூசியது போதாது. இதைவிடச் சுருக்கமாகவும் ஒழுங்காகவும் காரணம் காட்டப்பட்ட அறிக்கையைப் பெரியவர்கள் எழுதியும் நான் பின்னாளில் கண்டதில்லை.

மஃரிபு தொழுகைக்கு வாப்பாவும் மாமாவும் பள்ளிக்குப் போனார்கள். உம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்தார். மெஷின் எண்ணெய் டின்னுக்கு நீளமான மூக்கு. அதை முன் சில்லின் ஓட்டைகளுக்குள்ளால் விட்டு, பேட் இருக்கும் இடம் பார்த்து அமுக்கினேன். ஒரு பக்கம் முடிய மற்றப் பக்கம். டின் பாரம் குறைந்து போகும் வரை அமுக்கினேன்.

காலையில் சட்டைக்கு இன்னும் பொத்தான் வைத்து முடியவில்லை. மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு இந்த வழியாகத்தான் வருவேன், அப்போது ஏற்றுகிறேன் என்றார் மாமா. காரைப் பின்னுக்கு எடுத்துப் படலையடியில் மெதுவாக நிறுத்தினார். ஒரு சத்தமும் இல்லை.

"அல்ஹம்துலில்லாஹ்! கார் ஊமையாப் போச்சே!" என்றார் வாப்பா, தேநீர்க் கோப்பையோடு. "ஒங்கட கையில ஏதோ இரிக்கிதான் மச்சான்."

மாமாவின் புருவம் ஒரு கணம் சுருங்கியது. நாலு நாள் கத்த வேண்டியது ஒரே இரவில் ஏன் அடங்கியது என்று இறங்கிப் பார்த்திருக்கலாம். ஆனால் வாப்பா அவரைப் பாராட்டியது எனக்குத் தெரிய அதுதான் முதல் தரம். அவர் இறங்கவில்லை.

ஒழுங்கை பிரதான வீதியில் ஏறியதும் யுத்த காலத்து இராணுவச் சென்றி, காவலரண். வீதியை மறித்து வைத்த தார்ப் பரல்களுக்கு இருபது அடி முன்னால் நிறுத்த வேண்டும் என்பது அங்கே விதி. நாங்கள் பிரேக் சத்தத்தைக் கேட்கவில்லை. பரல் உருளும் சத்தம் கேட்டது. பிறகு வெடிச் சத்தம் இரண்டு.

வெடி வானத்தை நோக்கி வைக்கப்பட்டது. கார் பரல்களைத் தள்ளிக்கொண்டு போய், காவலுக்கு நின்ற ஒரு பையனின் காலை மண் மூட்டைகளோடு சேர்த்து நசுக்கியிருந்தது. மாமா கைகளை உயர்த்திக்கொண்டுதான் இறங்கினாராம். அந்த நாட்களில் நிறுத்தாமல் வரும் வாகனத்துக்கு ஒரே ஒரு அர்த்தம் இருந்தது: குண்டு. அவரைக் கொண்டு போனார்கள்.

காரைப் பார்த்த பரிசோதகர், முன் பேட்டுகள் நான்கிலும் எண்ணெய் ஊறியிருப்பதாக எழுதினார். பேட்டுகளைப் பூட்டியது யார் என்று கேட்டார்கள். நானே பூட்டினேன் என்றார் மாமா. இருபது வருடம் பிரேக் பார்த்தவன் பிரேக்கில் எண்ணெய் விடுவது தவறுதலாக இருக்க முடியாது என்று முடிவு செய்தார்கள். அரைகுறை மெக்கானிக்காக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் விட்டிருப்பார்கள்.

மூன்றாம் நாள் நான் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா என் வாயைப் பொத்தினார். தான் பேசி முடிக்கும் வரை கையை எடுக்கவில்லை.

"இத ஒருத்தருக்கும் செல்லாத. வாப்பாக்கும் செல்லாத. நான் மாமாவப் பார்க்கப் போறன். அவன்ட கேட்டு, அவன் என்ன செல்றானோ அப்பிடிச் செய்வம்."

பார்க்க விட்டது பல கிழமைகள் கழித்து. உம்மா பஸ் ஏறிப் போய், அன்று பின்னேரமே திரும்பி வந்தார். தலையில் போட்டிருந்த முந்தானையைக்கூட எடுக்காமல் வாப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"எண்ணெய் ஊத்தினது அவன்தானாம். நான் வாயத் திறக்கக்குள்ளயே செல்லிட்டான். 'ராத்தா, நான்தான் ஊத்தின, கை தவறிட்டு. அப்பிடித்தான் எழுதிக் குடுத்திரிக்கன். விளங்கிச்சா?' எண்டு ரெண்டு தரம் கேட்டான்."

"அவனா? டிப்போவுல பிரேக் பார்த்தவனா? இத ஆரு நம்புவான்?"

"நீங்க நம்புங்க," என்றார் உம்மா.

வாப்பா நம்பினாரோ இல்லையோ, நான் நம்பினேன். மாமாவும் ஊற்றியிருக்கிறார்! அப்படியென்றால் என்னுடைய எண்ணெய் பெரிய விஷயமில்லை. கலியாணத்துக்கு முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே எண்ணத்தோடு ஒரே வேலையைச் செய்திருக்கிறோம் என்பது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். உம்மா சாப்பிடவில்லை. பஸ்ஸில் போய்வந்த களைப்பு என்று நினைத்தேன்.

வாப்பா எழுதத் தொடங்கினார். உரிய அதிகாரிக்கு, உரிய அதிகாரி ஊடாக, பிரதிகள் மூன்று, பதிவுத் தபாலில். கேலி செய்வதை விட்டுவிட்டார். ஒரு கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், அதன் இலக்கத்தையும் திகதியையும் மேற்கோள் காட்டி அடுத்ததை எழுதினார். ஏழு கடிதங்கள். கிடைத்தது என்று ஒரு வரிகூட எவரும் எழுதவில்லை.

மூன்றாம் வருடம் மாமா விசாரணை முடியாமல் விளக்கமறியலிலேயே காய்ச்சலில் மௌத்தானார். அவருடைய உடலை, மையத்தை, தந்தது வேறொரு அலுவலகம். அவர்களிடம் வாப்பாவின் கடிதங்கள் இருக்கவில்லை. கல்முனை மையவாடியில் அடக்கினோம்.

யுத்தம் முடிந்து சில கிழமைகளில் பதில் வந்தது. வாப்பாவின் ஏழு கடிதங்களும் கிடைத்ததாகவும், அவற்றைக் கவனமாக ஆராய்ந்ததில் குறித்த நபரை விடுதலை செய்யச் சிபாரிசு செய்யப்பட்டுள்ளதாகவும் அதில் இருந்தது. அவருடைய வாக்குமூலத்தின் பிரதி ஒன்றும் இணைத்திருந்தார்கள். அது சிங்களத்தில் இருந்தது. வாப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உம்மாவுக்கும் எனக்கும் வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

"'தையல் மெஷினுக்கு விடும் எண்ணெய். சில்லைக் கழற்றவில்லை. டின்னின் மூக்கைச் சில்லின் ஓட்டைக்குள்ளால் விட்டு ஊற்றினேன். வீட்டில் வேறு எவருக்கும் இது தெரியாது. அங்கே ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், சிறு பிள்ளை, அவளை எதுவும் கேட்க வேண்டியதில்லை.'"

வாப்பா அந்த இடத்தில் நிறுத்தினார். அந்த வரியைத் திரும்பவும் மனதுக்குள் வாசிப்பது தெரிந்தது. எனக்குப் பதினாலு வயதாகியிருந்தது.

வாப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து, கந்தோரில் வரும் எல்லாக் கடிதங்களுக்கும் செய்ததைப் போல, தாளின் வலது மூலையில் அது கிடைத்த திகதியை எழுதினார்: 2009 ஜூலை 14.