'அப்டேட் போடக் கூடாது' என்று எழுதி ஒட்டியவனுக்கு

எட்டு மிஷின்களின் நெற்றியிலும் சிவப்பு மையில் 'அப்டேட் போடக் கூடாது' என்று எழுதி ஒட்டிவிட்டு ஊரை விட்டுப் போனது நீதான். உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கையெழுத்தே காட்டிக்கொடுக்கும். எட்டு இடத்திலும் அதே கையெழுத்து, அதே மை, முதலாளிகளிடம் அதே பயமுறுத்தல்: "இதை யாராச்சும் தொட்டா அப்புறம் நான் பொறுப்பு இல்ல."

நம் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. லினக்ஸ் என்கிற ஓசி ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அவ்வப்போது ஓட்டை கண்டுபிடிப்பார்கள், அதை அடைக்கிற பேட்ச்சையும் உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். அதை லாட்ஜிலும் மண்டியிலும் லேப்பிலும் கொண்டுபோய்ப் போடுகிறவள் நான். இதே பிழைப்பில் இருக்கிற மற்றவர்களுக்குத் தெரியும், பேட்ச் போடுவது பத்து நிமிஷ வேலை. போட விடச் சொல்லிக் கெஞ்சுவதுதான் உத்தியோகம்.

தம்பி, எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நீ விட்டுப்போன எட்டில் ஏழு மிஷின்களுக்கு நான் வந்த பிறகு புதுப் பதிப்பு ஏற்றிவிட்டேன். எட்டாவது, பாலக்கரையில் நூர்ஜஹான் அக்கா நடத்துகிற ரத்தப் பரிசோதனை லேப். பன்னிரண்டு வருஷத்து நோயாளிகளின் ரிப்போர்ட் அதில் இருக்கிறது. அது மட்டும் பேட்ச் இல்லாமல் நிற்கிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில், போன ஆயுத பூஜை வாரத்தில் நான் பட்டதைக் கேள். பாஸ்வேர்டு இல்லாமலே வெளியாள் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை ஒன்று அந்த வாரம்தான் வெளியே வந்தது.

ஓசியில் வாங்கியது

என் கடை சாலை ரோட்டில். பக்கத்துக் கடை பேட்டரி வியாபாரி ஜோசப் அண்ணன். காலையில் நான் ஷட்டரைத் திறக்காமலே ஸ்கூட்டியைத் திருப்புவதைப் பார்த்து, "எங்கம்மா, பொங்கல் சாப்பிடக்கூட நிக்காம?" என்றார். ஓட்டை விஷயத்தைச் சொன்னேன். "லினக்ஸுக்கு வைரஸே வராதுன்னு நீதானம்மா எங்கிட்ட அடிச்சு சொன்னே?" என்று பிடித்துக்கொண்டார்.

சொன்னது உண்மை. வியாபாரத்துக்கு வந்த புதிதில், வையம்பட்டியிலிருந்து வந்து ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே தொழில் கற்றவளுக்கு, அப்படித்தான் பேசத் தெரியும். ஓட்டை இல்லாத பொருள் எதுவும் இல்லை, இதில் ஓட்டையை மறைக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று விளக்கினேன். அண்ணன் நிதானமாகப் பல் குத்திக்கொண்டு சொன்னார்: "காசு குடுத்து வாங்கியிருந்தா யாரையாச்சும் திட்டலாம். ஓசியில வாங்கிட்டு நீ யாரைத் திட்டுவே, சொல்லு?"

ஒன்பது நிமிஷம்

சமயபுரத்து லாட்ஜில் மேனேஜர் பெயர் செல்லதுரை. புக்கிங், பில், யார் எந்த ரூம் என்பதெல்லாம் அந்த ஒரு மிஷினில். பூஜை லீவுக்கு அம்மனைப் பார்க்க வந்த கூட்டம் பையும் பிள்ளையுமாக வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தது. "முப்பது நிமிஷம் நிறுத்தணுங்க" என்றேன். அவர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டதுபோலப் பார்த்தார். "மாசக்கணக்கா அணையாம ஓடுதுங்க மேடம். கோயில் விளக்கு மாதிரி காப்பாத்திட்டு வரேன். பட்டன்ல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு டேப் போட்டு ஒட்டியிருக்கேன் பாருங்க."

அணையாமல் ஓடுவது பெருமை இல்லை. போன தடவை நான் போட்ட பேட்ச் இன்னும் வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம். மாத்திரையை வாங்கிப் பரணில் வைத்துவிட்டுக் காய்ச்சல் ஏன் விடவில்லை என்று கேட்கிற கதை. மிஷினை ஒருமுறை அணைத்து ஏற்றினால்தான் மருந்து உள்ளே இறங்கும். சொன்னேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது.

பிறகு பேரம். நான் பேரம் பேசாமல் கொத்தமல்லிக் கட்டுகூட வாங்குகிறவள் இல்லை. "அஞ்சுங்க" என்றார் அவர். "இருபது" என்றேன் நான். "ஆறு. அம்மன் சத்தியமா அதுக்கு மேல முடியாது." "அம்மனை ஏங்க இழுக்கறீங்க, பதினஞ்சு." ஒன்பதில் முடிந்தது. கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் தலைக்கு மேலேயே நின்றார். எட்டாவது நிமிஷம் மிஷின் எழுந்து நின்றது. "எட்டுலயே முடிச்சுட்டேன், பாத்தீங்களா?" என்றேன். செல்லதுரை கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அந்த மிச்ச ஒரு நிமிஷத்தை உங்க கணக்குல வரவு வெச்சுக்குறேங்க மேடம், அடுத்த தடவை எடுத்துக்குங்க."

ஒயருக்குச் சந்தனம் இல்லை

மறுநாள் ஆயுத பூஜை. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் திவ்யதேச யாத்திரை நடத்துகிற ரங்கராஜன் மாமாவின் ஆபீஸுக்குப் போனேன். மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. சந்தனத்தைச் சரியாக உன் ஸ்டிக்கரின் மேலேயே வைத்திருந்தார். 'அப்டேட்' மறைந்து 'போடக் கூடாது' மட்டும் தெரிந்தது. "இன்னிக்கு ஆயுதத்தைத் தொடப்படாதும்மா. நாளைக்குப் புனர்பூஜை ஆகட்டும், அப்புறம் பாரேன்" என்றார்.

"சரி மாமா, அணைச்சாவது வைங்க. அணைஞ்ச மிஷினுக்குள்ள எவனும் நுழைய முடியாது." மாமா காதைப் பொத்திக்கொண்டார். "பெருமாள் சந்நிதியில வெச்சதை அணைக்கறதா? அபசாரம்!" ஆக, மிஷின் ஓடும், நெட் இருக்கும், ஓட்டையும் இருக்கும், கை மட்டும் வைக்கக் கூடாது. கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் நேரம் பார்த்து மாமி சுண்டல் கொண்டுவந்தார்கள். வாயில் சுண்டலோடு சண்டை போட முடியாது.

சாப்பிட்டுக்கொண்டே மிஷினைச் சுற்றிப் பார்த்தேன். "மாமா, பின்னாடி இந்த நெட் ஒயர் இருக்கே, இதுக்குச் சந்தனம் வெச்சீங்களா?" குனிந்து, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். இல்லை. "அப்ப இது பூஜையில சேத்தி இல்லைல்ல?" சிறிது யோசித்து, இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். மறுநாள் புனர்பூஜை முடிந்த கையோடு பேட்ச் போட்டு, ஒயரைச் செருகினேன். மாமா வாசல்வரை வந்து வழியனுப்பினார்: "அடுத்த வருஷம் ஒயருக்கும் சந்தனம் வெச்சுடப்போறேன், அப்போ நீ என்ன பண்றேன்னு பாக்கறேன்!"

தொட்டியத்து வாழை

அங்கிருந்து நேராகத் தொட்டியம். வாழைத்தார் ஏலம் விடுகிற மண்டி. நடத்துகிறவர் முத்துக்கருப்பன் அண்ணன். அவர் நிமிஷக் கணக்கெல்லாம் பேசவில்லை. வேறொன்றில் மடக்கினார். "ஓட்டை இருக்குன்னு கண்டுபிடிச்சவங்க கமுக்கமா அடைச்சுட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு ஊருக்கெல்லாம் மைக் போட்டுச் சொல்றாங்க? திருடன் காதுலயும்தானே விழும்?"

நியாயமான கேள்வி. எத்தனையோ தடவை கேட்டு அலுத்த கேள்வி. சொல்லாவிட்டால் பேட்ச் போட வேண்டும் என்று என்னைப் போன்றவர்களுக்கு எப்படித் தெரியும், திருடனுக்கு யாரும் சொல்லாமலே தெரியும் என்றெல்லாம் விளக்கினேன். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. சலித்துப்போய், "உங்க தோட்டத்துல வாடல் நோய் வந்தா என்னண்ணே பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான், மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் பங்காளி ஒருவர் தோட்டத்தில் வாடல் வந்ததாம். தார் விலை போகாது என்று பயந்து வெளியே சொல்லவில்லையாம். அந்தத் தோட்டத்துக் கன்றுகளைத் தெரியாமல் வாங்கி நட்ட நாலு பேர் தோட்டமும் போனதாம். அதில் ஒன்று அண்ணனுடையது. சொல்லிவிட்டுக் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு மிஷினை விட்டு எழுந்திருக்கச் சொன்னார். நான் வேலையை முடிக்கும்வரை ஏலத்தை நோட்டில் எழுத வைத்தார். கிளம்பும்போது சொன்னார்: "நோயையும் சொல்லி, மருந்தையும் சும்மா குடுக்குறாங்கல்ல, அந்த ஆளுங்களுக்கு ஒரு தார் அனுப்பலாம்னா விலாசம் வாங்கிக் குடும்மா."

பாலக்கரை

இனி உன் விஷயம்.

லேப்பைக் கடைசிக்குத் தள்ளியது நான். கஷ்டமானது என்று தெரியும், அதனால் தள்ளினேன். விஜயதசமிக்கு மறுநாள் போய் உட்கார்ந்து பார்த்தால், அதில் இருந்த பழைய லினக்ஸ் பதிப்புக்குப் பேட்ச் கொடுப்பதையே நிறுத்தியிருந்தார்கள். திடீரென்று நிறுத்தவில்லை. நிறுத்தப் போகிறோம், மாறிக்கொள்ளுங்கள் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினார்கள். நெட் வழியாக மிஷினுக்குள் வந்துபோனவர்களின் பதிவைத் திறந்தேன். யாரோ கதவைத் தட்டிய தடம் பக்கம் பக்கமாக இருந்தது. உள்ளே வந்த தடம் இல்லை. அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மிஷினை அப்படியே நகலெடுத்துக் கடைக்குக் கொண்டுபோய், நகலில் புதுப் பதிப்பை ஏற்றினேன். நீ எழுதிக்கொடுத்த ரிப்போர்ட் புரோகிராம் எழுந்திருக்கவே இல்லை. அதைப் புதுப் பதிப்புக்கு மாற்ற, நீ எழுதிய மூல வரிகள், அதாவது சோர்ஸ் கோடு வேண்டும். அக்காவிடம் இல்லை; மிஷினிலும் இல்லை. உலகமே திறந்து வைத்திருக்கிற சிஸ்டத்தின் மேல் உட்கார்ந்து, நீ உன் புரோகிராமை மட்டும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். முன்னால் இன்னொரு மிஷினைக் காவலுக்கு வைத்து அது வழியாக நெட் கொடுக்கலாமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். வைத்தேன். புரோகிராம் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டது.

கோபத்தை அக்காவிடம் காட்டினேன். "பன்னெண்டு வருஷமா நடத்துறீங்க, அவன்கிட்ட சோர்ஸ் கோடு வாங்கி வெக்கணும்னு தோணலையா?" என்று நோயாளிகள் முன்னாலேயே கத்தினேன். அக்கா ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த கையை நகர்த்தவில்லை. குழாயில் முழுதாக ஏறும்வரை பார்த்து, பஞ்சை அழுத்திவிட்டு, அப்புறம்தான் திரும்பினார்கள். "நீயும் ரெண்டு வருஷமா வந்து போயிட்டிருக்கியேம்மா. ஒவ்வொரு தடவையும் ஸ்டிக்கரைப் படிச்சுட்டு, ஓடுறதை ஏன் தொடணும்னு நீதானே சொன்னே?"

சொன்னேன். அதனால்தான் உன்னைத் திட்டும்போது எனக்குச் சரியாகக் குரல் எழும்புவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் கற்றதைச் செய்தேன். நெட் ஒயரைப் பிடுங்கினேன். ஆனால் மாமாவுக்கு ஒரு நாள் பூஜை. இங்கே அன்று பிடுங்கியது இன்றுவரை சுருட்டியபடியே ஆணியில் தொங்குகிறது. முன்பெல்லாம் டாக்டர்கள் தங்கள் போனிலேயே ரிப்போர்ட் பார்ப்பார்கள், போன மாசத்தது, போன வருஷத்தது எல்லாம் வரிசையாக. இப்போது காகிதம்தான். வையம்பட்டியிலிருந்து ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் வருகிறார், கிட்னி பழுது. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுச் சாயங்காலம்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து, காகிதத்தை வாங்கிக்கொண்டு டாக்டரைத் தேடிப் போகிறார். கால் வீங்கிச் செருப்பில் நுழையவில்லை. அவரைப் போலக் காத்திருக்க முடியாதவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய லேப்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போகிறவர்களின் பழைய ரிப்போர்ட் மட்டும் இங்கே கிடக்கிறது. இப்படியே போனால் ரம்ஜானுக்குள் பூட்ட வேண்டியதுதான் என்று அக்கா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

உன் பழைய நம்பர் அடிக்கிறது, எடுப்பதில்லை. சென்னையில் பெரிய கம்பெனியில், இதே பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறாய் என்று கேள்வி. கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பை அச்சில் போட முடியாது. ஆத்திரத்தில் உன் ஸ்டிக்கரைக் கிழிக்கப் போனேன். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்கள்: "விடும்மா. நல்ல புள்ளைதான் அவன், இங்க உக்காந்து சோறு சாப்பிட்டவன். ஒட்டினவனே வந்து எடுப்பான், இன்ஷா அல்லாஹ்."

முகம் தெரியாத யாரோ உலகத்துக்கே ஓசியில் ஓட்டையை அடைத்துக் கொடுக்கிற இந்தத் தொழிலில், முகம் தெரிந்த உன் ஒருவனிடம்தான் நான் பேரம் பேச வேண்டியிருக்கிறது: சோர்ஸ் கோடோடு பாலக்கரைக்கு வந்து சேர், ஆணியில் தொங்குகிற ஒயரை நீயே செருகு, சமயபுரத்தில் எனக்குப் பாக்கியிருக்கிற அந்த ஒரு நிமிஷத்தை உனக்கே தருகிறேன், அதில் உன் ஸ்டிக்கரை உன் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டுப் போ.