மண் வைத்துக்கொள்ளாதது

அந்தப் புத்தகம் ஒரு தத்துவ நூல் என்பது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதினொரு வயதில் அதைக் கவிதை என்றே நம்பியிருந்தேன். மண், நீர், காற்று, தீ என்று பக்கத்துக்குப் பக்கம் வந்தால் வேறென்ன நினைப்பது? பண்டாரவளையில் ஒரு வடைக் கடையில் சுற்றிக்கொடுக்க அதைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். மிச்சத்தைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அட்டையும் எழுதியவர் பெயரும் அதற்கு முன்பே வடையோடு போய்விட்டன.

அந்த ஐப்பசி மழையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல்மலை சரிந்தது. லயத்து வரிசை வீடுகளின் பீலிக்குழாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைப் பார்க்கப் போயிருந்த சித்தப்பா திரும்பவில்லை. பத்து நாள் தோண்டியும் அவருடைய மண்வெட்டிதான் கிடைத்தது.

பதினாறாம் நாள் கருமாதி என்று பெரியப்பா முடிவு செய்தார். கருமாதி என்றால் சித்தி தாலியைக் கழற்ற வேண்டும்.

“உடம்பக் கண்ணால பாக்காம எப்படிங்க கழட்டுறது? அவரு மண்ணுக்குள்ள கெடக்காரு. தோண்டச் சொல்லுங்க.”

“தோண்டத் தோண்ட மலை எறங்குதும்மா. இன்னும் எத்தன பேரக் குடுக்குறது?”

சித்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் படிக்கப் போனவன் நான் ஒருவன்தான். அஞ்சலி பேனருக்கு எழுதும் வேலை என்னிடம் வந்தது.

“நாலு வரிடா. அதுக்கு மேல போனா போட்டோவுக்கு எடமில்ல,” என்றார் பெரியப்பா.

புத்தகத்திலிருந்து அப்படியே எழுதி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும் குரலில் வாசித்தேன்.

மண் எதையும் வைத்துக்கொள்வதில்லை, நீரிடம் கொடுத்துவிடுகிறது.
நீர் காற்றிடம் கொடுக்கிறது.
காற்று, தீயிடம்.
தீ, மறுபடி மண்ணிடம்.

“எழவு வீட்டுக்கு எழுதச் சொன்னா மழையப் பத்தி எழுதியிருக்கான்! ஆழ்ந்த இரங்கல் எங்கடா?”

உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது. “இன்னொருக்கா வாசி.”

வாசித்தேன்.

“மண்ணு வச்சுக்காதா?”

“வச்சுக்காது சித்தி. புத்தகத்துலயே போட்டிருக்கு.”

பிறகு சித்தி பெரியப்பாவிடம், “பதினாறுக்கே வச்சிருங்க,” என்றார். அழுது களைத்துவிட்டார் என்று பெரியப்பா நினைத்தார். என் கவிதை ஜெயித்துவிட்டது என்று நான் நினைத்தேன். பேனரில் கடைசியில் வந்தது ஆழ்ந்த இரங்கல்தான்.

கருமாதி முடிந்து சில நாளில் பீலியில் மறுபடி தண்ணீர் வந்தது, செம்மண் கலங்கலாக. தெளியட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். சித்தி மட்டும் தினமும் காலையில், கொழுந்து பறிக்கும் வேலைக்குப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன், குடத்தைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சிவந்த நீரில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பார். தண்ணீர் விரல்களுக்கிடையே போய்க்கொண்டேயிருக்கும்.

“சித்தி, நேரமாச்சு!” என்று நான் கத்துவேன். கை கழுவ இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.