கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு பகல் வீடு

போன வாரம் சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் படிகாரக் கல்லைத் தேய்த்தார்கள். அந்தக் குளிர்ச்சி பட்டதுமே எனக்குக் கட்டுகஸ்தோட்டை வீதி வீடு ஞாபகம் வந்துவிட்டது.

என் முதல் வேலை அங்கேதான். கண்டித் தெருக்களில் படுத்துக் கிடப்பவர்கள், மனம் குழம்பியவர்கள், குடியை விட முடியாதவர்கள் எல்லாம் பகலில் வந்து குளித்து, சாப்பிட்டு, மருந்து எடுத்துக்கொண்டு போகும் வீடு. நான் படித்தது கணக்கியல். என் கையில் கொடுத்ததோ சவரக்கத்தி. என்னிடம் முகத்தை நீட்டியவர்களுக்குப் படிகாரம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

அப்படித் துணிந்து நீட்டியவர்களில் ஒருவர் கலஹாத் தேயிலைத் தோட்டத்து ராமையா. காதுக்குள் யாரோ ஓயாமல் ஏசுகிறார்கள் என்பார். அந்தச் சத்தத்தை அடக்கக் கசிப்பு என்ற கள்ளச்சாராயத்தைக் குடிப்பார். அவர் வராத நாளில் எங்கள் தாதி பரீதா ராத்தா மருந்தோடு மார்க்கட் பக்கம் தேடிப் போவார்.

"ஏம்மா இப்பிடி அலையிறீங்க?"

"நீங்க வரல்லயே, அதான் நான் வந்த."

மெல்ல மெல்லக் குடி நின்றது. ஒருநாள், "தங்கச்சியப் பாக்கணும். கூட வர்றீங்களா தம்பி?" என்றார். கலஹா பஸ் ஏறினோம். கொழுந்துக் கூடையோடு மலையிறங்கி வந்த தங்கச்சி சரசு, சவரம் செய்து வெளுத்த சட்டையில் நின்றவரை யாரோ பெரிய ஆள் என்று நினைத்து ஒதுங்கி நின்றாள்.

"நான்தான் புள்ள."

கூடையை அப்படியே போட்டுவிட்டாள். "அண்ணே, சாப்பிட்டியா?"

தீபாவளிக்கு ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் அவர் திரும்பினார்.

அதற்குள் வெளிநாட்டு உதவி நின்றுபோய் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மருந்து உண்டுதான். ஆனால் அங்கிருக்கும் கூட்டத்தைக் கண்டால் ராமையாவுக்கு நடுக்கம். ஆஸ்பத்திரி வேலைக்குப் போன ராத்தா கொஞ்ச காலம் வேலை முடிந்து தேடிப் போய்க் கொடுத்தார். பிறகு அவருக்கும் வெளியூருக்கு மாற்றம். நான் ஒரு புடைவைக் கடையில் கிளார்க் ஆனேன்.

தீபாவளிக்கு மறுநாள் அந்த வழியாகப் போனபோது, பூட்டிய கதவுக்கு முன்னால் சரசு நின்றிருந்தாள்.

"அண்ணன் நேத்து வரல்லங்க. இங்க குளிச்சிக்கிட்டு இருப்பாருன்னு வந்தேன்."

மார்க்கட், பஸ் ஸ்டாண்ட், வாவிக்கரை எல்லாம் சேர்ந்து தேடினோம். அவரைக் கடைசியாகக் கண்டதாகச் சொல்லக்கூட ஆளில்லை. கடைசி பஸ்ஸுக்குப் போகுமுன் பலகாரப் பொதியை என்னிடம் நீட்டினாள். "கண்டா குடுத்துருங்க."

இப்போது அந்த வீட்டில் போன் விற்கிறார்கள். குளியலறை இருந்த இடத்தில் கண்ணாடி அலுமாரி. மார்க்கட் ஓரத்தில் இன்றும் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். ஒருவர் ஒருநாள் வராவிட்டால், 'ஏன் வரவில்லை' என்று கேட்டுக்கொண்டு இறங்கிப்போக, இந்த ஊரில் இன்று ஒரு வாசல் இல்லை.