ஐந்து பங்குக் கிணறு

போர் முடிந்து, நாடுகளெல்லாம் கூடிப் பேச உலக சபை ஒன்று அமைத்திருந்த சமயம். சேலத்தில் பத்திரிகை அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் என் தாய்மாமன், புதுச்சத்திரம் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தச் செய்தியைத்தான் கொண்டுவருவார்.

அந்த வருஷம் மழை இல்லை. பண்ணையாட்கள் தெருவின் கிணறு வற்றிவிட்டது. எங்கள் பங்குக் கிணற்றில் மாடு கட்டி இறைக்கும்போது தொட்டியில் விழுகிற தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள்.

கோயில் மைதானத்தில் ஊர் கூடியது. கொடுக்கலாம் என்று ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். கிணறு அவர்களுடையதல்ல என்பதால் சொல்வதில் சிரமமில்லை. கேட்டவர்கள் தூரத்தில் வேலமரத்தடியில் நின்றார்கள். அவர்களைப் பேசச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

பிறகு பங்குதாரர்கள் ஐவரும் எல்லோர் முன்னிலையிலும் அங்கேயே தனியே உட்கார்ந்தார்கள். ஒருவர் மறுத்தாலும் காரியம் நடக்காது. அது பழைய ஏற்பாடு.

"உலக சபையும் இப்படித்தானுங்க," என்றார் மாமா. "பேசறதுக்குப் பெரிய சபை. சண்டை சமாதானம்னா முடிவு பண்றதுக்குச் சின்ன சபை. அதுல அஞ்சு பெரிய நாட்டுல ஒண்ணு வேண்டாம்னா அத்தோட சரி."

"அப்ப பெரிய சபை எதுக்குங்க, வெத்தலை போடறதுக்கா?" என்றார் ஒரு பங்குதாரர்.

நான்கு பேர் சம்மதித்தார்கள். ஐந்தாமவர் என் அப்பா. எங்கள் வெங்காயம் அந்தத் தண்ணீரை நம்பி நின்றது. உயிர் இருக்கும்வரை சம்மதிக்க மாட்டேன் என்று அவர் சந்தையில் நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார்.

"குடிக்க மட்டுந்தானுங்க சாமி," என்றாள் எங்கள் காட்டில் களையெடுக்கும் பெண், மரத்தடியிலிருந்தே.

அப்பா தரையைப் பார்த்தார். அவர் சொல்லப்போகும் ஒரே சொல்லில் ஊரே நின்றுபோகும் என்று தோழிகளிடம் பெருமையடித்திருந்தேன். அதற்காகக் காத்திருந்தேன்.

மாமா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "அந்தச் சின்ன சபையில இன்னொரு வழக்கமும் இருக்குதுங்க. சரீன்னு சொல்ல மனசில்லாட்டி சும்மா இருந்துக்கலாம். வாயைத் தொறந்து வேண்டாம்னாத்தான் தடை."

"தொறக்காட்டி?" என்றார் மூத்த பங்குதாரர்.

"மத்தவங்க சொன்னது நடக்கும்."

அப்பா நிமிர்ந்தார். "உனக்கு ஆரு மாப்பிள்ளை ஓட்டுக் குடுத்தது?"

"எனக்கு ஓட்டு ஏதுங்க மச்சான். வழக்கத்தைச் சொன்னேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்து காட்டை நோக்கி நடந்தார். பதில் சொல்லிவிட்டுப் போகும்படி யாரும் கேட்கவில்லை. மூத்த பங்குதாரர் வேலமரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் பின்னால் ஓடினேன். "ஏனுங்கப்பா வேண்டாம்னு சொல்லலை?"

"வெயில்ல நிக்காத. ஊட்டுக்குப் போ சாமி."

கிணற்றுப் பக்கம் குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. இத்தனை பேரைத் தடுக்கக்கூடிய ஒரு சொல் கையில் இருந்தும், அதைச் சொல்ல அப்பா பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.